உன் இன்ச் டேப் இப்போது கொட்டகையில்

காவேரிப்பட்டினம்
ஞாயிறு இரவு

அடியே தையல்காரி,

நலம்தானே? வீட்டுக்காரர், பிள்ளைகள் எல்லோரும் சௌக்கியமா? இங்கே அத்தையின் முட்டிவலி தவிர வேறு குறை இல்லை. பொங்கலுக்கு நீ எழுதியதற்கு இன்னும் பதில் போடவில்லை. போனில் சொல்லலாம் என்றால், பாதிப் பேச்சில் மிஷினை மிதிக்கப் போய்விடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

லட்சுமி போய்விட்டாள்.

நாலாவது ஈத்து. சாயங்காலம் கன்று போட்டாள், கிடேரிக் கன்று. ஒரு மணி நேரத்துக்குள் அது எழுந்து நின்று சீம்பால் குடித்துவிட்டது. மறுநாள் மதியம் படுத்த லட்சுமி அப்புறம் எழவே இல்லை. காது சில்லிட்டுக் கிடந்தது, கழுத்தை விலாப்பக்கம் மடக்கி வைத்திருந்தாள். பால் காய்ச்சல். காய்ச்சல் என்று பெயரே தவிர உடம்பு குளிர்ந்துதான் போகும். சுண்ணாம்புச் சத்தெல்லாம் பாலில் இறங்கி ரத்தத்தில் குறைந்துபோவதால் வருவது. கால்நடை ஆம்புலன்ஸுக்கு, அதான் 1962க்கு, போன் போட்டோம், வண்டி வந்தது, டாக்டர் கால்சியம் ஏற்றினார். காலையில் அவள் பின்னங்கால் தடுமாறியபோதே நான் கூப்பிட்டிருக்க வேண்டும். ஈன்ற அசதி என்று விட்டுவிட்டேன். விடிவதற்குள் முடிந்துவிட்டது. இதை உன்னிடம்தான் சொல்ல முடிகிறது.

கொழுந்தனார் அன்றைக்கே சொன்னார்: “தாயில்லாக் கன்று தேறாது அண்ணி, ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளி சந்தைக்கு ஓட்டிவிடலாம்.” இரண்டு நாள் கன்றைச் சந்தையில் யார் வாங்குவார்கள், எதற்கு வாங்குவார்கள் என்று எனக்குத் தெரியாதா? நான் வளர்க்கிறேன் என்று சொல்லிவிட்டேன். பெயர் சிட்டு.

பாட்டிலில் பால் கொடுப்பது சும்மா இல்லையடி. பால் கறந்த சூட்டில் இருக்க வேண்டும், ஆறிப்போனால் ஆகாது. கன்று எடையில் பத்தில் ஒரு பங்கு ஒரு நாளைக்கு. சிட்டுவுக்கு இரண்டரை லிட்டர் வந்தது, அதை மூன்று வேளையாகப் பிரித்தேன். எல்லாம் சின்ன மாட்டின் பால். பால் சொசைட்டிக்கு ஊற்றுவது குறைந்தது என்று என் வீட்டுக்காரர் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். பையன் வேறு, உதவி செய்கிறேன் என்று ஊசியைக் காய்ச்சி நிப்பிள் ஓட்டையைப் பெரிதாக்கிவிட்டான். பால் மடமடவென்று இறங்கி, கன்று இருமி, மூக்கு வழியாகப் பால் வந்துவிட்டது. நுரையீரலுக்குள் போயிருந்தால் அவ்வளவுதான் என்றார் டாக்டர். நிப்பிளைக் கவிழ்த்தால் சொட்டுச் சொட்டாக விழ வேண்டும், கன்று உறிஞ்சித்தான் எடுக்க வேண்டும். பாட்டிலையும் தாய்மடி இருக்கும் உயரத்தில்தான் பிடிக்க வேண்டும். உறிஞ்சிக் குடித்தால்தான் உள்ளே ஒரு வாய்க்கால் மூடிக்கொண்டு, பால் முதல் வயிற்றில் விழாமல் நேரே நாலாவது வயிற்றுக்குப் போகுமாம். இப்போது வாலை ஆட்டி ஆட்டிக் குடிக்கிறாள், வாயோரம் நுரை கட்டுகிறது. பாட்டில் தீர்ந்ததும் என் இடுப்பில் ஒரு முட்டு. மடியில் முட்டினால் பால் இறங்கும் என்ற நினைப்பு.

இனி உன் டேப் கதை. டாக்டர் ஒரு கணக்குச் சொல்லிக் கொடுத்தார். முன்னங்காலுக்கு ஒட்டின மாதிரி பின்னால் மார்பைச் சுற்றி அளக்க வேண்டும். தோள்முனையிலிருந்து புட்ட எலும்பு வரை நீளம். எல்லாம் இன்ச்சில். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 660ஆல் வகுத்தால் எடை கிலோவில். தராசு மாதிரித் துல்லியம் வராது. ஆனால் வாராவாரம் ஒரே நாள், பாலுக்கு முன்னால், ஒரே ஆள் அளந்தால் ஏறுகிறதா நிற்கிறதா என்று தெரிந்துவிடும். தையல் வகுப்பில் நீ எனக்குக் கொடுத்தாயே அந்த மஞ்சள் டேப், பெட்டிக்குள் அப்படியே இருந்தது. நான் தைத்த ஒரே ரவிக்கையைப் பார்த்து நீயும் டீச்சரம்மாவும் சிரித்தது இன்னும் காதில் கேட்கிறது. அளவு மட்டும் நான் அன்றைக்கும் சரியாகத்தான் எடுத்தேன்.

முதல் அளவு, ஏழாம் நாள்: சுற்று 26, நீளம் 24. இருபத்து நாலரைக் கிலோ. பதினைந்தாம் நாள் 27, 25. இருபத்தேழரை. எனக்குத் தலைகால் புரியவில்லை. இருபத்திரண்டாம் நாள் பார்த்தால் அதே 27, அதே 25. வயிறு மட்டும் பானை மாதிரி உருண்டிருந்தது. வந்தவர்கள் எல்லாம் “நல்லாத் தேறிடுச்சு” என்றார்கள், அத்தையும் அதையே சொன்னார். நானும் வயிற்றைப் பார்த்து அப்படித்தான் நம்பியிருப்பேன். டேப்தான் நம்பவிடவில்லை.

இரண்டு நாளில் கழிச்சல் பிடித்தது. வெள்ளையாக, புளித்த வாடை. கண் குழி விழுந்துவிட்டது. கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டால் அது மடிப்பாகவே நின்றது. டாக்டர் பார்த்ததும் வயிற்றில் புழு என்றார். இந்தப் புழு தாய்ப்பால் வழியாகவே கன்றுக்கு வருமாம். பத்துப் பதினைந்து நாளுக்குள் பூச்சி மருந்து கொடுத்திருக்க வேண்டும், எனக்குத் தெரியவில்லை. மருந்து கொடுத்த மறுநாள் சேமியா மாதிரி வெள்ளை வெள்ளையாக வெளியே வந்தது. பாலை நிறுத்தாமல், கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, இடையிடையே வெதுவெதுப்பாக உப்புச் சர்க்கரைத் தண்ணீர். இரண்டு ராத்திரி கொட்டகையிலேயே படுத்தேன். மூன்றாம் நாள் விடியற்காலையில் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள் பார், அழுதுவிட்டேன்.

அப்புறம் ஏறத் தொடங்கியது. ஐந்தாம் வாரம் முப்பத்திரண்டு கிலோ. கன்றுக்குத் தண்ணீர் காட்டக்கூடாது என்று அத்தை சொன்னதை மட்டும் கேட்கவில்லை. பால் நாலாவது வயிற்றுக்குப் போய்விடுகிறது, முதல் வயிறு வளரத் தண்ணீரும் தீனியும் வேண்டும். மக்காச்சோள மாவு, கடலைப் புண்ணாக்கு, தவிடு, கொஞ்சம் தாது உப்பு கலந்து, பால் குடித்த ஈர வாயில் ஒரு சிட்டிகை தடவினேன். இப்போது தானே நக்கித் தின்கிறாள். அதனால் பாலைக் குறைத்துக்கொண்டே வருகிறேன். நேற்றோடு எழுபத்தைந்து நாள். சுற்று 33, நீளம் 30. நாற்பத்தொன்பதரைக் கிலோ! சுவரில் கரியால் எழுதி வைத்திருக்கிறேன், அவரே நின்று படித்துவிட்டுப் போகிறார். முகம் தூக்குவது போய், கேழ்வரகுத் தட்டில் குருத்தாகப் பார்த்து ஒடித்துக் கொண்டுவருகிறார்.

கொழுந்தனார் இன்னும் சந்தை சந்தை என்கிறார். உன் அப்பா இருந்திருந்தால் ஒரு வார்த்தை சொல்லி அடக்கியிருப்பார். அந்த ஆலம்பாடி மாட்டு ஜோடியை அவர் தடவிக் கொடுப்பதைப் பார்த்துத்தான் எனக்கு மாட்டின் மேல் ஆசையே வந்தது. நான் விற்க மாட்டேன். நாலு மாதம் ஆனதும் கோமாரி ஊசி, அப்புறம் கன்று வீச்சு நோய்க்கு ஊசி. இருநூற்றைம்பது கிலோ வரட்டும், சினை ஊசிக்குக் கூட்டிப்போகிறேன்.

ஒரு காரியம் செய். டேப்பின் முதல் இரண்டு இன்ச்சைச் சிட்டு மென்றுவிட்டாள். மூன்றிலிருந்து அளந்து கழித்துக்கொள்கிறேன். அது போகட்டும், அவள் மாடானால் இந்த அறுபது இன்ச் சுற்றி வராது. திருப்பூரில் 120 இன்ச் டேப் கிடைக்கும் என்பாயே, மாம்பழ சீசனுக்கு வரும்போது ஒன்று எடுத்து வா.

உன்
கடைசி பெஞ்சுக்காரி