'எழுதியிருப்பேன்' என்பதை ஜெர்மனில் சொல்ல

அன்பு மகளுக்கு,

ஃபுடூர் ட்ஸ்வை (Futur II, ஒரு செயல் முடிந்திருக்கும் என்று சொல்லும் ஜெர்மன் காலம்) தலையைச் சுற்ற வைக்கிறது என்று எழுதியிருந்தாய். 'எழுதியிருப்பேன்', 'வந்திருப்பான்' என்று தினமும் பேசுகிறாயே, அதுதான் அம்மா இது.

வெள்ளிக்கிழமைக்குள் கடிதத்தை எழுதியிருப்பேன்: 'இஷ் வேர்டெ பிஸ் ஃப்ரைடாக் டேன் ப்ரீஃப் கெஷ்ரீபன் ஹாபன்.' ஆளுக்கு ஏற்ப மாறுவது வேர்டன் என்ற துணைவினை மட்டும்: இஷ் வேர்டெ, டூ விர்ஸ்ட், ஏர் விர்ட். அது இரண்டாம் இடத்தில் நிற்கும். கடைசியில் பார்டிட்ஸீப் ட்ஸ்வை (கெஷ்ரீபன் போல, நம் 'எழுதி'க்கு இணையான வடிவம்), அதை ஒட்டி ஹாபன் அல்லது ஸைன் என்ற துணைவினை, இரண்டும் மாறாது.

வினை இப்படிப் பிரிந்து கிடப்பதுதான் உன்னைக் குழப்புகிறது. 'வைல்' (ஏனென்றால்) போட்டுச் சொல்லிப் பார்: 'வைல் ஏர் டேன் ட்ஸூக் ஃபெர்பாஸ்ட் ஹாபன் விர்ட்.' ஃபெர்பாஸ்ட் 'தவறவிட்டு', ஹாபன் 'இரு', விர்ட் 'ப்பான்'. ரயிலைத் தவறவிட்டிருப்பான்! வரிசை அப்படியே நம்முடையது. முதலில் இப்படிச் சொல்லிப் பழகு. பிறகு வைலை எடுத்துவிட்டு, விர்ட்டைப் பிடுங்கி இரண்டாம் இடத்தில் நடு.

ஆனால் அதே தமிழ் உன்னை ஓரிடத்தில் வழுக்கவும் வைக்கும். நமக்கு எல்லா வினைக்கும் 'இரு' ஒன்றுதான். ஸைன் என்றால் 'இரு' என்று படித்த பழக்கத்தில் 'இஷ் வேர்டெ கெஷ்ரீபன் ஸைன்' என்று வாயில் வந்துவிடும். அதற்கு 'நான் எழுதப்பட்டிருப்பேன்' என்று பொருள். ஸைன் வருவது ஓரிடம் விட்டு ஓரிடம் போகும் வினைகளுக்கும் (கேயன் 'போ', அன்கொம்மன் 'வந்து சேர்'), நிலை மாறும் வினைகளுக்கும் (ஐன்ஷ்லாஃபன் 'தூங்கிப்போ', ஷ்டெர்பன் 'இற'), கூடவே ப்லைபன் ('தங்கு'), ஸைன் இரண்டுக்கும். ஃபாரனுக்கும் ('வண்டியில் போ') ஸைன்தான், ஆனால் 'காரை ஓட்டியிருப்பான்' என்று செயப்படுபொருள் வந்தால் 'டாஸ் அவுட்டோ கெஃபாரன் ஹாபன்.' ஸிஷ் ('தன்னை') சேர்ந்த வினைகள் எல்லாம் ஹாபன்.

அவசரத்தில் 'ஷ்ரைபன் ஹாபன்' என்று எழுதிவிடாதே, கெஷ்ரீபன் வேண்டும். பெ-, ஃபெர்- என்று தொடங்குவனவும் -ஈரன் என்று முடிவனவும் 'கெ' ஏற்காது: பெஸூக்ட், ஃபெர்ஷ்டாண்டன், ஷ்டுடீயர்ட்.

இனி, எங்கே பயன்படுத்துவது? வெள்ளிக்குள் முடிப்பதைச் சொல்ல அங்கே பேச்சில் பெரும்பாலும் பெர்ஃபெக்ட் (வேர்டன் இல்லாமல், ஹாபன் அல்லது ஸைன் மட்டும் வரும் காலம்) போதும்: 'பிஸ் ஃப்ரைடாக் ஹாபெ இஷ் டேன் ப்ரீஃப் கெஷ்ரீபன்.' 'பிஸ் ஃப்ரைடாக்' இருப்பதால் காலம் தெளிவு. ஃபுடூர் ட்ஸ்வை உன் காதில் அதிகம் விழப்போவது நடந்ததை ஊகிக்கும்போதுதான். ஒருவர் இன்னும் வரவில்லை என்றால் 'ஏர் விர்ட் வோல் டேன் ட்ஸூக் ஃபெர்பாஸ்ட் ஹாபன்' என்பார்கள். அந்த 'வோல்' ஊகத்தைக் காட்டும் சொல், விடாமல் சேர்த்துப் பழகு. இதோடு கெஸ்டர்ன் ('நேற்று') வந்தாலும் திகைக்காதே. நாமும் 'நேற்றே வந்திருப்பான்' என்கிறோமே.

அடுத்த கடிதத்தில் பத்து வாக்கியம் எழுதி அனுப்பு. ஐந்து ஹாபன், ஐந்து ஸைன்; அவற்றில் குறைந்தது நான்கு ஊகமாக இருக்கட்டும். திருத்தி அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா