பிள்ளையின் எரிச்சல் எல்லாம் திமிர் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

"கொழுப்பு ஏறிப்போச்சு, எதைக் கேட்டாலும் எரிஞ்சு விழுறான்" என்பது ஐந்தாம் படிவ அரசுத் தேர்வான எஸ்பிஎம் நெருங்கும்போது தோட்டப்புற வீடுகளில் கேட்கும் புலம்பல். பதின்ம வயதில் மனச்சோர்வு அழுகையாக மட்டுமல்ல, எரிச்சலாகவும் வரும். அதனால் நோய்க்கும் சேர்த்து அடி விழுகிறது. மலேசிய சுகாதார அமைச்சின் 2022 ஆய்வில் 13 முதல் 17 வயது மாணவர்களில் நால்வரில் ஒருவருக்கு மனச்சோர்வு அறிகுறி இருந்தது.

ஒருநாள் கோபத்தைக் கணக்கில் எடுக்க வேண்டாம். 2 வாரம் பாருங்கள். விடியற்காலை பெரட்டுக்கு (தோட்டத்தில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போகிற அம்மாவுக்குப் பிள்ளையின் காலைப்பொழுது தெரியாது. மூடி வைத்த சோறு மாலையில் அப்படியே இருக்கிறதா? திடலில் பந்து உதைத்தவன் அறைக்குள்ளேயே கிடக்கிறானா? இரவு 3 மணிக்கும் விழித்திருக்கிறானா? இவை சேர்ந்து வந்தால் சோம்பேறித்தனம் என்று தள்ளிவிடாதீர்கள்.

பலரும் முதலில் கைப்பேசியைப் பிடுங்குகிறார்கள். மிஞ்சியிருக்கும் ஒன்றிரண்டு நண்பர்களின் தொடர்பும் அதோடு போகிறது. அதற்குப் பதிலாக, இரவு 10 மணிக்கு எல்லாருடைய கைப்பேசியும் கூடத்து மேசைக்கு வரட்டும், அப்பாவுடையதும்தான்!

பாட்டி முன்னால் உட்காரவைத்து விசாரித்தால் பிள்ளை வாய் திறக்காது. மோட்டார் சைக்கிளில் போகும்போது, பாத்திரம் கழுவும்போது கேளுங்கள். "உன் வயசுல நாங்க ரப்பர் பால் வெட்டப் போனோம்" என்றால் பேச்சு அங்கேயே முடிந்தது. "செத்துப்போகலாம்னு தோணுதாய்யா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமாம் என்றால் திட்டாதீர்கள், தனியே விடாதீர்கள், அன்றே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். களைக்கொல்லியையும் பாட்டியின் மாத்திரைகளையும் பூட்டி, சாவியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். போலீஸ் கேஸ் ஆகும் என்று பயந்து மறைக்க வேண்டாம்; தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309-வது பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது.

அவ்வளவு அவசரம் இல்லாதபோது கிளினிக் கெசிஹாத்தான் (அரசு சுகாதார நிலையம்) போதும். கட்டணம் 1 வெள்ளி (ரிங்கிட்). அங்கே மனச்சோர்வை அளக்கப் பயன்படும் 9 கேள்விப் படிவத்தில் மொத்தம் 27 புள்ளி. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் டாக்டர் விரிவாக விசாரிப்பார், தேவையானால் நிபுணரிடம் அனுப்புவார். பிள்ளையிடம் தனியாகப் பேசவேண்டும் என்று டாக்டர் சொன்னால் வெளியே காத்திருங்கள். மாத்திரை கொடுத்தால் பலன் தெரியப் பெரும்பாலும் 4 முதல் 6 வாரம் ஆகும். முதல் சில வாரங்களில் படபடப்போ சாகும் எண்ணமோ கூடினால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். பிள்ளை சிரிக்கத் தொடங்கியதும் தாங்களாகவே மாத்திரையை நிறுத்துவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. நோய் திரும்புவது அப்படித்தான். கோயிலில் மந்திரித்துக் கயிறு கட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கிளினிக் தேதியைத் தள்ளிப்போடாதீர்கள், அவ்வளவுதான்.

தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்து மூலையில் 15555 என்ற ஹீல் மனநல உதவி எண்ணை வாரந்தோறும் அச்சிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
பெற்றோர் வழிகாட்டிக் குழுவினர்,
சுங்கை சிப்புட்