கைக்குழந்தைக்காரியை முதலில் கூப்பிடுங்கள்

சென்னையில் விசா நேர்காணல் நடத்தும் தூதரக அதிகாரிகளுக்கு, கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஓய்வுபெற்ற பேருந்து நடத்துனர் ஒருவன் எழுதுவது. வணக்கமுங்க.

நீங்கள் எந்த நாட்டு அலுவலகம் என்று இந்த மடலில் எழுதவில்லை. பயம்தான், வேறொன்றுமில்லை. என் மகளின் பாஸ்போர்ட் இன்னும் உங்கள் கையில் இருக்கிறது. படித்தால் நீங்கள்தான் என்று உங்களுக்கே தெரியும். தெரியவில்லை என்றால், எல்லா வாசலிலும் இதே கதைதான் போல என்று எடுத்துக்கொள்கிறேன்.

போன புரட்டாசியில் மகளுக்கு நேர்காணல். மாப்பிள்ளைக்கு உங்கள் நாட்டில் வேலை. தம்பி கல்யாணத்துக்கு வந்தவள் திரும்பிப் போக பாஸ்போர்ட்டில் விசா ஒட்டி வாங்க வேண்டும். மூத்த பேத்தி ஈரோட்டில் பிறந்தவள், ஐந்து வயது, அவளுக்கும் விசா வேண்டும். சின்னவளுக்கு ஏழு மாதம். அவள் பிறந்தது உங்கள் ஊரில், கையில் உங்கள் நாட்டுப் பாஸ்போர்ட்டே இருக்கிறது. அதனால் அவளுக்கு விசா வேண்டாம். விசா வேண்டாததால் ஸ்லாட், அதாவது நேர்காணலுக்குக் குறித்த நேரம், இல்லை. ஸ்லாட் இல்லாததால் வாசலில் வைத்திருந்த லிஸ்டில் பேர் இல்லை. பேர் இல்லாததால் உள்ளே விட முடியாது என்றார் காவலாளி.

"தாய்ப்பால் குடிக்கிற குழந்தைங்க" என்றாள் மகள்.

"யார்கிட்டயாவது குடுத்துட்டு வாங்கம்மா, பின்னாடி லைன் நிக்குது" என்றார் அவர்.

அந்த யாரோ நான்தான். அறுபத்தாறு வயது, முழங்கால் வலி, தோளில் ஒரு துண்டு. இவ்வளவுதான் என்னிடம் இருந்தது. பை, பால் புட்டி, மாற்றுத் துணி எல்லாம் எதிரே டீக்கடையில். உள்ளே பையும் போனும் ஆகாது என்பது தெரிந்ததுதானே, பை ஒன்றுக்கு ஐம்பது ரூபாய் என்று வாங்கி வைத்துக்கொள்கிறார் கடைக்காரர். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்தத் தெருவில் நின்றவர்களுக்கு ஒரு வசதி செய்து கொடுத்தவர் அவர் ஒருவர்தான்.

8.40-க்கு மூத்தவளின் கையைப் பிடித்துக்கொண்டு மகள் உள்ளே போனாள். 9.30 வரை ஒன்றுமில்லை. சின்னவள் போகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டு என் தோளில் கிடந்தாள். அப்புறம் பசி வந்துவிட்டது. முதலில் என் கட்டைவிரலைச் சப்பினாள். அது ஆகாது என்று தெரிந்ததும் சட்டைப் பொத்தானைச் சப்பினாள். பையை வாங்கிப் புட்டியைக் கொடுத்தேன், நாக்கால் வெளியே தள்ளினாள். பிறந்ததிலிருந்து தாய்ப்பால்தான், புட்டி பழக்கமில்லை. வீட்டில் காய்ச்சிக் கொடுத்தனுப்பிய ராகிக் கஞ்சியைத் தொட்டு நாக்கில் வைத்தேன், முகத்தைச் சுளித்துத் துப்பினாள். புரட்டாசியில் பொன்னுருகக் காயும் என்பார்கள், அன்றைக்குக் காய்ந்தது. டீக்கடைச் சார்ப்பில் ஒதுங்கலாம் என்றால், மகள் வெளியே வந்தால் எங்கே தேடுவாள்? போனும் கிடையாதே. அதனால் வாசல் தெரிகிற மாதிரி அந்த நடைபாதையிலேயே நடந்தேன். அழுது அழுது குழந்தைக்குக் குரல் கம்மிப்போய், கடைசியில் சத்தமே வராமல் வாயை மட்டும் திறந்து அழுதாள்.

காவலாளியிடம் இரண்டு தடவை போனேன். "உள்ளே ஒரு வார்த்தை சொல்லுங்க, அந்தப் பொண்ண மொதல்ல பார்த்து அனுப்பட்டும்" என்றேன். "நாங்க உள்ள பேச முடியாது சார்" என்றார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை, அவர் சம்பளத்துக்கு நிற்கிறவர்.

12.20-க்கு மகள் வந்தாள். முந்தானையை இழுத்து மார்பு முழுக்கப் போர்த்திக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வந்தாள். பால் கட்டி, ரவிக்கை நனைந்து, சேலையிலும் ஊறியிருந்தது. பெற்ற அப்பன் கண்ணில் படக்கூடாதது அது. ஒரு ஆட்டோக்காரர் கேட்காமலேயே வண்டியை ஓரம் கட்டி, பக்கத்துப் படுதாவை இறக்கிவிட்டு, முதுகைத் திருப்பிக்கொண்டு பத்தடி தள்ளிப்போய் நின்றார். நானும் அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

நேர்காணல் எவ்வளவு நேரம் என்று பிறகு கேட்டேன். இரண்டு நிமிஷமாம். மாப்பிள்ளை எங்கே வேலை பார்க்கிறார், கல்யாணம் எப்போது ஆச்சு, எத்தனை குழந்தைகள். "ரெண்டுன்னு சொன்னேன்ப்பா" என்றாள். இன்னொன்று எங்கே என்று அந்த அதிகாரி கேட்கவில்லை. வீட்டில் ஒரு வாரமாக 'குட் மார்னிங் ஆபீசர்' சொல்லிப் பழகிய ஐந்து வயதுக்காரியிடமும் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஊர் வந்து சேரும்வரை அதைச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

ஐயா, அம்மா, நான் கேட்பது ஒன்றுதான். கைக்குழந்தையோடு வருகிற தாயை முதல் ஆளாகக் கூப்பிடுங்கள். இரண்டு நிமிஷ வேலையை 12 மணிக்குச் செய்யாமல் 9 மணிக்குச் செய்யுங்கள். இதற்குக் கட்டடம் வேண்டாம், காசு வேண்டாம், உங்கள் தலைநகரத்திலிருந்து உத்தரவும் வேண்டியிருக்காது என்று நினைக்கிறேன்.

சத்தி, கோபி, ஈரோடு என்று முப்பது வருஷம் பஸ்ஸில் நின்றே பிழைத்தவன் நான். நூறு பேர் ஏறி, படியில் காலூன்ற இடமில்லாத நேரத்திலும், கைக்குழந்தைக்காரி ஏறினால் "யாராச்சும் எந்திரிச்சு எடம் குடுங்க" என்று ஒரு குரல் கொடுப்பேன். மூன்று பேர் எழுந்திருப்பார்கள். லிஸ்டில் பேர் இருக்கிறதா என்று ஒருத்தரும் கேட்டதில்லை. பஸ் ஸ்டாண்டுகளில் தாய்மார்கள் பாலூட்ட என்றே தனி அறையை 2015-லேயே எங்கள் மாநிலத்தில் திறந்துவிட்டார்கள். சில இடத்தில் பூட்டுத் தொங்குகிறது, அது வேறு கதை. ஆனாலும் அறை என்று ஒன்று இருக்கிறது. வருஷா வருஷம் ஆகஸ்ட் முதல் வாரம் உலகத் தாய்ப்பால் வாரம் கொண்டாடுகிறார்களே, அந்த வாரத்திலாவது உங்கள் வாசலுக்கு வந்து நின்று பார்க்கலாம்.

உங்கள் வாசலுக்கு வருகிற குழந்தைகள் இனி குறையப் போவதும் இல்லை. 14 வயதுக்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் நேரில் வர வேண்டாம் என்றிருந்ததை, 2025 செப்டம்பர் 2 முதல் அமெரிக்காவே எடுத்துவிட்டது. நீங்கள் அமெரிக்காவோ வேறு யாரோ, குழந்தைகளை வரச்சொல்வது உங்கள் உரிமை. வந்த குழந்தையை எங்கே வைப்பது என்று யோசிப்பது யார் வேலை?

திருப்பூரில் தைக்கிற குழந்தை உடுப்பு பெட்டி பெட்டியாகக் கப்பலேறி உங்கள் நாடுகளுக்குப் போகிறது. அதற்கு ஸ்லாட் உண்டா, நேர்காணல் உண்டா? எங்கள் ஊர் ஜட்டி பனியனுக்குத் திறக்கிற கதவு, அதைப் போட்டுக்கொண்டு வந்த குழந்தைக்குத் திறக்கவில்லை. அதுவும் உங்கள் நாட்டுக் குடிமகளை, உங்கள் வாசலிலேயே, உங்கள் சுவர் ஓரமாக மூன்று மணி நாற்பது நிமிஷம் வெயிலில் வைத்தீர்கள்! கைரேகைக்கு ஒரு நாள், நேர்காணலுக்கு ஒரு நாள் என்று இரண்டு நாள் லாட்ஜ் வாடகை, திரும்பி வராத விசாக் கட்டணம், இந்தப் பக்கமிருந்து ஒவ்வொரு தடவையும் ராத்திரி ரயிலில் முழங்காலை மடக்கிக்கொண்டு சென்னை வருவது, இதையெல்லாம் நான் எழுத ஆரம்பித்தால்...

மன்னிக்கவும். எழுத உட்கார்ந்தது அதற்கல்ல.

பாதுகாப்பு என்பீர்கள். நியாயம்தான். சோதனை போடுங்கள், டயப்பரையும் சேர்த்துப் பிரித்துப் பாருங்கள், நாங்கள் ஒன்றும் நினைக்க மாட்டோம். குழந்தையைத் தாயோடு உள்ளே விட வழியிருந்தால் விடுங்கள், ரொம்ப சந்தோஷம். வழியில்லை என்றால், ஸ்லாட் போடுகிற அன்றைக்கே 'வீட்டில் பால்குடிக் குழந்தை உண்டா' என்று ஒரு கேள்வி வையுங்கள். உண்டு என்றால் அந்தத் தாயை முதலில் கூப்பிடுங்கள். தயவுசெய்து.

பக்கத்துத் தோட்டத்துப் பெண்ணுக்கு அடுத்த மாதம் உங்களிடம் நேர்காணல். மடியில் நான்கு மாதக் குழந்தை. "அப்பாரு, பாப்பாவ உள்ள விடுவாங்களா?" என்று நேற்றுச் சாயங்காலம் வந்து கேட்டாள். விசாரித்துச் சொல்கிறேன் என்று அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
பேத்தியைத் தூக்கிக்கொண்டு உங்கள் வாசலில் நின்ற அப்புச்சி,
கோபிசெட்டிபாளையம்.