மாங்காய்ப் பேட்டர்ன் ஒட்டவில்லை, காசைத் திருப்பித் தாருங்கள்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

வணக்கம். இது என்னுடைய ஏழாவது கடிதம். முந்திய ஆறுக்கும் "உங்கள் கோரிக்கை கிடைத்தது" என்ற ஒரே பதில்தான் வந்தது, அதனால் இந்தமுறை பொறுமையாக எழுதுவேன் என்று நினைக்க வேண்டாம்.

6,500 ரூபா கட்டி வாங்கிய அந்த மாங்காய்ப் பேட்டர்ன், வெப்சைட்டின் பின்னணியில் திருப்பித் திருப்பி அடுக்குகிற அந்தச் சதுரப் படம், எதைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும், முகப்பில் போட்டுத்தானே விற்கிறீர்கள், "எப்படி அடுக்கினாலும் இணைப்புத் தெரியாது" என்று வேறு. நன்றாகவே தெரிகிறது. வெள்ளவத்தையில் ஒரு சேலைக்கடைக்கு வெப்சைட் செய்து கொடுத்தேன். முதலாளி போனில் திறந்து பார்த்துவிட்டு, "என்ன பிள்ளை, கடைக்கு வெப்சைட் கேட்டால் பாத்ரூமுக்கு டைல்ஸ் ஒட்டித் தந்திருக்கிறீர்?" என்றார். அவர் சொன்னது சரி. வலது ஓரத்தில் வெட்டுப்படும் மாங்காயின் மறுபாதி, இடது ஓரத்தில் இரண்டு பிக்சல் கீழே நிற்கிறது. போட்டோஷொப்பில், ஓரங்களை நடுவுக்குக் கொண்டுவரும் ஒஃப்செட் போட்டு 500 பிக்சல் படத்தை குறுக்கேயும் நெடுக்கேயும் 250 நகர்த்துங்கள், நடுவில் சிலுவை மாதிரி கோடு விழும். விற்பதற்கு முதல் செய்யவேண்டிய ஒரு நிமிட வேலை.

இதைத்தான் உங்கள் சப்போர்ட்டில் சொன்னேன். 42 நிமிடம் பாட்டுக் கேட்க வைத்துவிட்டு எடுத்த பையன் சொன்னான்: "மிஸ், உங்கட ஸ்கிரீனை ஒருக்கா துடைச்சுப் பாருங்கோ." துடைத்தும் பார்த்தேன், அதுதான் இன்னும் எரிச்சல்! பிறகு, "நோ-ரிப்பீட் போட்டால் கோடு வராது" என்றான், அதாவது படத்தை ஒருமுறை மட்டும் காட்டச் சொல்லும் கட்டளை. வராதுதான் தம்பி, மூலையில் ஒரேயொரு சதுரம் நிற்கும், மிச்சப் பக்கம் வெள்ளையாகக் கிடக்கும். திருப்பித் திருப்பி அடுக்கத்தானே இதை வாங்குகிறது?

நுகேகொட ஒஃபிசுக்கும் வந்தேன். மழைக்குள் ஓட்டோ பிடித்து, லிஃப்ட் வேலை செய்யாமல் நாலு மாடி ஏறிப் போனால், "இது ஒன்லைன் பிரிவு, இங்கே ஆட்கள் இல்லை" என்று காவலாளி சொல்கிறார். அவர்மேல் பிழையில்லை, தண்ணீர் தந்தார். அப்படியானால் விலாசம் எதற்கு?

அதற்கு முதல், மூன்றாவது கடிதத்துக்குப் பிறகு என்று நினைக்கிறேன், மாற்றுக் கோப்பு என்று ஒரு ஜேபெக் அனுப்பினீர்கள். அது பழையதைவிட மோசம். ஜேபெக் படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டமாக வெட்டித்தான் சுருக்கும், 500ஐ எட்டால் வகுத்தால் மிஞ்சும், கடைசிக் கட்டம் முழுமையாகாது, அதனால் ஓரத்தில் நிறம் கலங்கிப் போயிருக்கிறது. நிறம் கலங்காமல் சேமிக்கும் பிஎன்ஜி-யில் தர என்ன கரைச்சல்?

தீபாவளி வியாபாரம் முழுக்க இந்தக் கோட்டால் போனது. அந்தக் கடை மூலம் வரவிருந்த இன்னும் மூன்று கடைகளும் போயின, ஒரு இரண்டு லட்சமாவது எனக்கு நட்டம். "ஸ்கிரீனைத் துடைச்சுப் பாருங்கோ"வாம்!

சரி. உங்கள் மற்றப் பேட்டர்ன்கள் நல்லவைதான், அந்தத் தாமரையை இரண்டு வருடமாகப் பாவிக்கிறேன், அதனால் மரியாதையாகவே கேட்கிறேன்: ஒழுங்காக ஒட்டுகிற பிஎன்ஜி ஒன்று தாருங்கள், இல்லாவிட்டால் 6,500ஐத் திருப்பித் தாருங்கள். இரண்டும் இல்லையென்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு, 1977 இலக்கத்துக்கு, அழைக்கப் போகிறேன். ரசீது, ஆறு கடிதங்கள், ஒஃப்செட் போட்ட படம் எல்லாம் கையில் இருக்கின்றன.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு முதலாளி திரும்பப் பார்க்கிறார். அதற்கு முதல் யாராவது அழையுங்கள். அந்தப் பையனை மட்டும் பேச விடாதீர்கள்.