அந்தப் பட்டறையைத் திறந்து கொடுங்கள்

பள்ளிக் கல்வித் துறை அமைச்சர் அவர்களுக்கும், துறைச் செயலாளர் அவர்களுக்கும், சென்னை மாநகராட்சிக் கல்விப் பிரிவு அதிகாரிகளுக்கும் வணக்கம். வடசென்னையில் நான் படித்த அரசுப் பள்ளியில் பூட்டிக் கிடக்கும் தொழிற்பட்டறையைத் திறந்து, தொழிற்பிரிவை மறுபடி நடத்தச் சொல்லிக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

நான் மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் ரீஃபர் டெக்னீஷியன். ரீஃபர் என்றால் குளிர்பதன மெஷின் வைத்த கன்டெய்னர். இறாலும் மீனும் மைனஸ் 18 டிகிரியில் கப்பல் ஏறுவது அதில்தான். ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் அடித்தால் போய்த் திறந்து, கம்ப்ரஸரா, ஃபேன் மோட்டாரா, கேஸ் லீக்கா என்று பார்ப்பது என் வேலை. உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜுக்குப் பெரியண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 440 வோல்ட், மூன்று பேஸ். கை வைக்குமுன் கொஞ்சம் சாமி கும்பிட்டுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

இந்த வேலைக்கு நான் காலேஜ் வழியாக வரவில்லை. தொண்ணூறுகளில் வடசென்னையில் ஓர் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ, தொழிற்பிரிவில் ஜெனரல் மெஷினிஸ்ட் குரூப். மார்க் எடுக்காதவர்களைத் தள்ளிவிடும் குரூப் என்று அதற்குப் பெயர். நானும் அப்படித் தள்ளப்பட்டவன்தான்.

முதல் மாதம் முழுக்க வாத்தியார் லேத்தை, அதாவது கடைசல் மெஷினை, தொடவே விடவில்லை. உள்ளங்கை அளவில் ஓர் இரும்புத் துண்டு, ஓர் அரம், துண்டைக் கவ்விப் பிடிக்க ஒரு வைஸ். ராவ வேண்டும். ராவி முடித்ததும் மூலைமட்டத்தை அதன்மேல் வைத்து ட்யூப் லைட்டுக்கு நேராகப் பிடித்துக் காட்ட வேண்டும். மட்டத்துக்கும் இரும்புக்கும் நடுவில் கோடு மாதிரி வெளிச்சம் தெரிந்தால் ஒரு வார்த்தை பேசாமல் திருப்பிக் கொடுத்துவிடுவார். எனக்கு ஒன்பது நாள் வெளிச்சம் தெரிந்தது. பத்தாவது நாள் தெரியவில்லை. அதுவரை எந்தப் பாடத்திலும் நான் எழுதியது சரியா தப்பா என்று சிவப்பு மை வந்தால்தான் எனக்குத் தெரியும். அன்றைக்கு வாத்தியாரிடம் காட்டுவதற்கு முன்பே தெரிந்துவிட்டது.

போன வருடம் ஒரு சான்றிதழ் வேலையாக அந்தப் பள்ளிக்குப் போனேன். பட்டறைக் கதவில் பூட்டு. வாத்தியார் ஓய்வு பெற்ற பிறகு அந்த இடத்துக்கு ஆள் வரவில்லையாம், குரூப்பும் இல்லையாம். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். உடைந்த பெஞ்சுகளுக்குப் பின்னால் லேத் நிற்கிறது. இரும்பைப் பிடித்துச் சுழற்றும் அதன் சக் துருப்பிடித்துக் கிடந்தது.

புதுசாக எதையும் நான் கேட்கவில்லை. 1978ல் தமிழ்நாட்டில் பிளஸ் டூ வந்தபோதே தொழிற்பிரிவும் கூடவே வந்துவிட்டது. வடசென்னைப் பள்ளிகளில் அதை மறுபடி உயிரோடு நடத்துங்கள் என்றுதான் கேட்கிறேன், அதுவும் இந்த ஊருக்கு ஏற்ற மாதிரி. தெற்கே சென்னைத் துறைமுகம், வடக்கே 2001ல் எண்ணூரில் திறந்த காமராஜர் துறைமுகம், அதையும் தாண்டிக் காட்டுப்பள்ளி. நடுவில் 1948ல் ஆரம்பித்த அசோக் லேலண்ட், புல்லட் செய்த திருவொற்றியூர், மணலி சுத்திகரிப்பு ஆலை. இதற்குள்ளேயே பிறந்து வளர்கிற பிள்ளைக்கு இவை எல்லாம் நீளமான மதில் சுவர்கள். சுவருக்கு வெளியே வரும் புகையும் லாரி வரிசையும் அவனுக்கு அத்துப்படி. உள்ளே என்னென்ன வேலை இருக்கிறது என்று கேளுங்கள், லோடு ஏற்றுவது, செக்யூரிட்டி என்று இரண்டைச் சொல்லுவான். கிரேன் ஆபரேட்டர், வெல்டர், ஹைட்ராலிக் மெக்கானிக், ரீஃபர் என்பதெல்லாம் அவன் காதில் விழுந்ததே இல்லை.

கப்பல் வேலை இன்னும் மோசம். எங்கள் தெருப் பையன் ஒருவன், அப்பா காசிமேட்டில் விசைப்படகு டிரைவர். யாரோ ஏஜென்ட் சொன்னான் என்று அம்மாவின் நகையை அடகு வைத்து மூன்று லட்சம் கொடுத்தான். பணம் போன பிறகுதான் மெடிக்கல். அங்கே புள்ளிப்புள்ளியாக எண் போட்ட புத்தகத்தைக் காட்டியிருக்கிறார்கள். சிவப்பும் பச்சையும் அவனுக்குப் பிரித்துத் தெரியவில்லை. கதை அங்கேயே முடிந்தது. அந்தப் புத்தகத்தை ஒன்பதாம் வகுப்பிலேயே ஒருவர் அவனிடம் காட்டியிருந்தால் இரண்டு நிமிட வேலை. ஆண்பிள்ளைகளுக்குத்தான் இந்தக் குறை அதிகம் வருகிறது, வைத்திருக்கும் பலருக்கு அது தெரியாது.

கப்பலில் கடைநிலை ஊழியராகச் சேர ஜிபி ரேட்டிங் என்று ஆறு மாதப் பயிற்சி இருக்கிறது. பத்தாம் வகுப்புப் படிப்பே போதும், ஆனால் ஆங்கிலத்தில் 40 மார்க் வேண்டும். நம் பள்ளியில் பாஸ் மார்க் 35. 36 வாங்கி மிட்டாய் கொடுத்த பிள்ளைக்கு, அந்த மார்க் கப்பலுக்குப் போதாது என்று யாரும் சொல்வதில்லை. உரிமம் பெற்ற ஏஜென்சிகளின் பட்டியலைக் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் வெளியிடுகிறது. வேலை வாங்கித் தருவதற்கு மாலுமியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்று 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தம் சொல்கிறது, இந்தியா அதில் 2015ல் சேர்ந்துவிட்டது. இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் தலைமையகம்கூட இதே சென்னையில்தான். காசிமேட்டுப் பிள்ளைக்கு அது வேறு நாடு.

தொழிற்கல்வி என்று நான் பேச ஆரம்பித்ததும் எங்கள் சங்கத்துப் பெரியவர் ஒருவர் கோபப்பட்டார். "குலக்கல்வியைத் திருப்பிக் கொண்டுவரச் சொல்றியா தம்பி?" அவர் கேட்டது சரியான கேள்வி. 1953ல் ராஜாஜி கொண்டுவந்து, காமராஜர் வந்ததும் தூக்கிப் போட்ட திட்டம் அது. அரை நாள் பள்ளி, அரை நாள் அப்பன் தொழில். நான் கேட்பதில் அப்பன் தொழிலுக்கு இடமே கிடையாது. மீன்பிடிக்கிறவர் மகன் ரீஃபர் பழகட்டும், இஸ்திரி போடுகிறவர் மகள் கிரேன் ஓட்டட்டும். கணக்குப் பாடத்தை மட்டும் எந்தக் காரணம் சொல்லியும் எடுத்துவிடாதீர்கள். தொழிற்பிரிவில் படித்தவர் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருடம் சேர இன்றைக்கும் வழி இருக்கிறது. இந்தக் குரூப்பில் சேரும்போதே பெற்றோரை உட்கார வைத்து அதைச் சொல்லிவிடுங்கள். படித்து இன்ஜினியர் ஆகிறேன் என்று போகிற பிள்ளை போகட்டும்.

இன்னொன்று, பயிற்சி என்ற பெயரில் பதினாறு வயதுப் பிள்ளைகளைக் கம்பெனிக்குள் சம்பளமில்லாத ஆளாக அனுப்பிவிடாதீர்கள். யார்டில் கன்டெய்னர் தலைக்கு மேலே போகும், அது பிள்ளைகள் நிற்கிற இடம் இல்லை. பழகுவது பள்ளிப் பட்டறையில் இருக்கட்டும். மெஷினுக்குப் பணம் இல்லையென்றால், டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து 71 அரசு ஐடிஐக்களில் புது மெஷின் இறக்கியிருக்கிறீர்களே, சனிக்கிழமை அந்தப் பட்டறைகளைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். கற்றுக்கொடுக்க ஆளா இல்லை? துறைமுகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் தண்டையார்பேட்டையில் தெருவுக்கு நான்கு பேர் டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறார்கள். பி.எட். கேட்டால் வர மாட்டார்கள், மணிக்கணக்குச் சம்பளம் என்றால் வருவார்கள்.

பெண்பிள்ளைகள் பள்ளி என்றாலே தையலும் நர்சிங்கும் என்று முடித்துவிடாதீர்கள். என் மகள் எட்டாவது படிக்கிறாள். வீட்டு மிக்ஸியைக் கழற்றித் திரும்ப மாட்டுகிறாள், ஒரு ஸ்க்ரூ மட்டும் எப்போதும் மிஞ்சும்.

எங்கள் யார்டில் கழித்துப் போட்ட ரீஃபர் கம்ப்ரஸர் ஒன்று கிடக்கிறது. மேனேஜரிடம் கேட்டுவிட்டேன், பள்ளி லெட்டர்பேடில் ஒரு கடிதம் இருந்தால் கொடுத்துவிடலாம் என்கிறார். சனிக்கிழமை எனக்கு ஆஃப். பிள்ளைகள் முன்னால் அதைக் கழற்றிக் காட்ட நான் வருகிறேன், சம்பளம் வேண்டாம். பூட்டின் சாவி பள்ளி ஆபீஸ் அலமாரியில்தான் இருப்பதாகச் சொன்னார்கள்.

இப்படிக்கு,
முன்னாள் ஜெனரல் மெஷினிஸ்ட் குரூப் மாணவன்,
திருவொற்றியூர்