படிப்பு முடிந்த நாளைச் சொல்லுங்கள்

அரசு, தனியார் மருத்துவக் கல்லூரிகளின் முதல்வர்களுக்கும் உடற்கூறியல் துறைப் பேராசிரியர்களுக்கும்,

வணக்கம்.

போன மாதம் உறவுக்காரர் ஒருவரின் போனில் ஒரு படம் பார்த்தேன். முதலாம் ஆண்டு எம்.பி.பி.எஸ். பிள்ளைகள் நாலைந்து பேர் வெள்ளைக் கோட்டோடு, உடலை அறுத்துப் பாடம் படிக்கும் டிசெக்‌ஷன் ஹாலில் நிற்கிறார்கள். எந்தக் கல்லூரி என்று தெரியவில்லை. பின்னால் மேசையில் துணி போர்த்திய ஓர் உடல். துணிக்கு வெளியே வலது கை மட்டும் தெரிந்தது. நான் படத்தைப் பெரிதாக்கி அந்தக் கையின் ஆள்காட்டி விரலைப் பார்த்தேன்.

என் அப்பா அச்சகத் தொழிலாளி. இறந்தபின் அவர் உடலை ஒரு மருத்துவக் கல்லூரிக்குத் தானமாகக் கொடுத்தோம். 24 வயதில் டிரெடில் மெஷினில் அவருடைய வலது ஆள்காட்டி விரலின் நுனி போய்விட்டது. மிச்சமிருந்த விரலை வைத்துக்கொண்டு அப்புறமும் 30 வருஷம் எழுத்துக் கோத்தார். படத்தில் இருந்த விரல் முழுசாக இருந்தது. அது அப்பாவின் கை இல்லை என்றதும் மூச்சு வந்தது. அந்தக் கைக்கும் ஒரு வீடு இருந்திருக்கும் என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது.

யாரோ தெரியாமல் எடுத்த ஒரு படத்தில் பெற்ற தகப்பனைத் தேடும் நிலைக்கு ஒரு மகள் ஏன் வந்தாள் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். 2 வருஷமாக எங்களுக்கு ஒரு தகவலும் இல்லை.

அப்பா இறந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை. ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்பதால் முதலில் கண்களைக் கொடுத்தோம். அப்புறம் ஊரும் உறவும் வாசலில் நின்று, "கொள்ளி போடாம அனுப்புறீங்களே, நல்லா இருப்பீங்களா" என்று கேட்கக் கேட்க, உடலை வண்டியில் ஏற்றினோம். அப்பா பெரியார் வழியில் வாழ்ந்தவர், அவருக்கு இதில் எந்தக் குழப்பமும் இல்லை. "வெந்து போற உடம்பு, நாலு புள்ளைங்க பாத்துப் படிச்சா என்ன" என்பார். கல்லூரியில் டாக்டர் கொடுத்த இறப்புச் சான்று, அப்பா கையெழுத்துப் போட்ட ஒப்புதல் படிவம், ஆதார் நகல் எல்லாவற்றையும் ஓர் ஊழியர் வாங்கிக்கொண்டார். இரண்டு இடத்தில் கையெழுத்து வாங்கினார். "சரிம்மா, நீங்க கிளம்பலாம்" என்றார். அவர் மேல் குறை இல்லை, அவர் வேலையை அவர் செய்தார். ஆனால் அதுதான் அந்தக் கல்லூரி தானாக எங்களிடம் பேசிய கடைசி வார்த்தை.

அம்மாவுக்கு அப்பாவின் கொள்கை கிடையாது. அமாவாசைக்கு அமாவாசை விளக்கேற்றுவார். விளக்கேற்றிவிட்டு என்னிடம் கேட்பார்: "அப்பாவப் படிச்சு முடிச்சிட்டாங்களா?" எனக்குப் பதில் தெரியாது. எரித்தார்களா, புதைத்தார்களா, இன்னும் உடல் கெடாமல் வைக்கும் பார்மலின் தொட்டியில்தான் இருக்கிறாரா என்று தெரியாமல் எந்தத் திசையைப் பார்த்துக் கும்பிடுவது என்கிறார். முதல் வருஷ நினைவு நாளன்று துறைக்கு போன் செய்தேன். "பாடி குடுத்தாச்சுன்னா அப்புறம் அதெல்லாம் கேக்கக் கூடாதும்மா" என்றார்கள். ஏன் கேட்கக் கூடாது? கொடுத்தது பழைய நாற்காலியா?

எங்கள் தெருவில் ஒரு பெண் மருத்துவம் படிக்கிறாள். 2019-இல் வந்த பாடத்திட்டத்தில் சடலம்தான் நம் முதல் ஆசிரியர் என்று ஒரு பாடமே இருப்பதாக அவள்தான் சொன்னாள். முதல் நாள் கை நீட்டி உறுதிமொழியும் எடுத்தார்களாம். அதைக் கேட்டு எனக்குக் கண் கலங்கியது. நல்ல வழக்கம். ஆனால் அந்த ஆசிரியரின் வீட்டுக்கு ஒரு போன்கூட வராது என்றால், பிள்ளைகள் அந்த உறுதிமொழியிலிருந்து எதைக் கற்பார்கள்? போனை வெளியே வைத்துவிட்டு உள்ளே வா என்று சொல்லவேண்டியவர்கள் சொல்லாததால்தானே அந்தப் படம் என் கைவரை வந்தது? அந்தப் பதினெட்டு வயதுப் பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. பெரியவர்கள் மேல்தான்.

இதை எப்படிச் செய்வது என்று தேட வேண்டியதில்லை. தாய்லாந்தில் தானம் செய்தவரைப் 'பெரிய ஆசிரியர்' என்றே அழைக்கிறார்கள். படிப்பு முடிந்ததும் குடும்பத்தாரை அழைத்து, மாணவர்கள் கூட நிற்க எரியூட்டுகிறார்கள். தைவானில் ஹுவாலியன் ஊரிலுள்ள த்சூ சி பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் தானம் செய்தவரின் குடும்பத்தை முன்கூட்டியே பார்த்து, அவர் எப்படி வாழ்ந்தார் என்று கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். பாடம் முடிந்ததும் வெட்டிய இடங்களைத் தைத்து, உடை உடுத்திப் பெட்டியில் வைக்கிறார்கள். தைத்து அனுப்புகிறார்கள் என்று படித்த அன்று நான் வெகுநேரம் அழுதேன்.

நான் அவ்வளவு கேட்கவில்லை. உறுப்புக் கொடையாளர்களுக்கு அரசு மரியாதை என்று 2023-இல் நம் அரசு அறிவித்ததே, அதைப் போன்ற மரியாதையும் கேட்கவில்லை. படிப்பு முடிந்த நாளைச் சொல்லுங்கள். அவ்வளவுதான். அடக்கம் செய்யும் அன்று ஓர் ஓரமாக நிற்க விடுங்கள். எலும்புகளைப் பாடத்துக்கு வைத்துக்கொள்வீர்கள் என்றால் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள், அப்பா சந்தோஷப்படுவார். வைத்துக்கொண்டோம் என்று மட்டும் சொல்லுங்கள்.

யாரும் உரிமை கோராமல் ஆஸ்பத்திரியிலிருந்தும் தெருவிலிருந்தும் உங்கள் மேசைக்கு வருகிறவர்களும் இருக்கிறார்கள். நாங்களாவது படிவத்தில் கையெழுத்துப் போட்டோம். அவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்களை வழியனுப்பும் நாளையும் சொல்லுங்கள், எங்களைப் போன்ற குடும்பங்கள் வந்து நிற்போம்.

எழுத்தில் கடுமை தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மாணவர்கள் நல்ல டாக்டர்களாக வர வேண்டும் என்று நினைத்துத்தான் அப்பா தன்னையே கொடுத்தார், எனக்கும் அதே எண்ணம்தான். அந்தப் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் என் போன் நம்பர் எழுதியிருக்கிறது. அம்மா கேட்டுக்கொண்டதால் இதுவரை அதை மாற்றவில்லை.

இப்படிக்கு,
உடல் தானம் செய்த ஓர் அச்சகத் தொழிலாளியின் மகள்