டெய்சி, உனக்கு இங்கே வேலை இருக்கிறது

ஏற்காடு,
டிசம்பர் 9

பிரியமுள்ள டெய்சிக்கு,

நான் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? டாக்டர் கொடுத்த தைலத்தைத் தேய்க்கிறாயா, இல்லை பாட்டில் அலமாரியில் பத்திரமாக இருக்கிறதா? இங்கே மழை போன வாரத்தோடு விட்டது. இப்போது பனி. காலை எட்டு மணிக்கும் எதிர்வீட்டு கேட் தெரிவதில்லை. சரி, விசாரிப்பு போதும். விஷயத்துக்கு வருகிறேன்.

உன் வாட்ஸ்அப் செய்தியைப் பார்த்தேன். "இந்த வருஷம் எங்களுக்குப் பண்டிகை இல்லை" என்று ஒரே ஒரு வரி. அதற்குப் போனில் பதில் சொல்ல மனம் வரவில்லை, பேனாவை எடுத்துவிட்டேன். உன் வீட்டுக்காரர், நம் அண்ணன், போன பிறகு வருகிற முதல் கிறிஸ்துமஸ். ஸ்டார் கட்டமாட்டாய், எண்ணெய்ச் சட்டி வைக்கமாட்டாய், புதுத்துணி எடுக்கமாட்டாய். அது நம் வழக்கம். அதை மீறச் சொல்லி இதை எழுதவில்லை. ஆனால் பெங்களூர் வீட்டுக்கு வாருங்கள் என்று உன் மகன் கூப்பிட்டதற்கும் முடியாது என்றுவிட்டாயாமே. உன் மருமகள் எனக்குப் போன் போட்டு அழாத குறையாகச் சொன்னாள். 24-ஆம் தேதி ராத்திரி அந்த வீட்டில் நீ விளக்கை அணைத்துவிட்டு ஒற்றையாக உட்கார்ந்திருக்கப் போகிறாய் என்றால் அதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். ஏன் என்று சொல்கிறேன், முழுசாகப் படி.

போன ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தேன். அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. தனியாக வசிப்பவர்களுக்கு கிறிஸ்துமஸ் கேக் கொடுப்பதற்கான பட்டியல். யார் யார் என்று பார்த்துக்கொண்டே வந்தேன். ஆர்மோனியம் சார். கான்வென்ட் சமையல் பாட்டி. நாகலூர் ரோட்டு ஆன்ட்டி. அதற்குக் கீழே நான். வீட்டு எண்ணோடு.

நல்ல மனசோடுதான் எழுதியிருக்கிறார்கள். இளைஞர் குழுவில் பாதிப் பிள்ளைகள் மூன்றாம் வகுப்பில் என்னிடம் வாய்ப்பாடு ஒப்பித்தவர்கள். அவர்கள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனாலும் வீட்டுக்கு வந்து சேலைகூட மாற்றாமல் வெகுநேரம் அப்படியே இருந்தேன். இத்தனை வருஷமும் இந்த ஊரில் கிறிஸ்துமஸ் என்றால் நான் கொடுக்கிறவள். எந்த வீட்டில் கைக்குழந்தை, எந்த வீட்டில் சர்க்கரை வியாதி என்று பார்த்துத் தட்டு பிரிக்கிறவள். எப்போது இந்தப் பக்கம் வந்தேன்?

யோசித்துப் பார்த்தால் அது என் வீட்டுக்காரர் போனதிலிருந்தே நடந்துகொண்டிருக்கிறது. பண்டிகைக்குத் தட்டு வருவதில் குறையே இல்லை, டெய்சி. கீழ்வீட்டிலிருந்து அதிரசம், கேரளாக்காரர் வீட்டிலிருந்து கேக், தீபாவளிக்கு நான்கு பக்கமும் இருந்து முறுக்கு. தட்டை வெறுமனே திருப்பித் தரக்கூடாது என்று ஒரு பிடி சர்க்கரை போட்டு அனுப்புகிறேன். அதுதான் உறைத்தது. எல்லார் அடுப்பில் சுட்டதும் என் வீட்டுக்கு வருகிறது, என் வீட்டிலிருந்து கடைச் சர்க்கரைதான் போகிறது. போன கிறிஸ்துமஸுக்குக் கோழிக்கடைக்குப் போனேன். "எவ்வளவு டீச்சர்?" என்றார். கால் கிலோ என்று சொல்ல வாய் வரவே இல்லை. எப்போதும் போல ஒரு கிலோ வாங்கி, குழம்பு வைத்து, சுடவைத்துச் சுடவைத்து நாள் கணக்கில் சாப்பிட்டேன்.

மகளுக்கு இந்த வருஷமும் 24, 25 இரண்டு நாளும் நைட் டியூட்டி. குழந்தை வைத்திருக்கிற நர்சுகளுக்கு லீவை விட்டுக் கொடுத்திருக்கிறாள். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று வளர்த்தவள் நான், அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் அயர்லாந்துக்கும் நமக்கும் இந்த மாதத்தில் ஐந்தரை மணி நேர வித்தியாசம். நான் நள்ளிரவுப் பூசை முடிந்து வரும்போது அவள் வார்டில் மாத்திரை கொடுத்துக்கொண்டிருப்பாள். அவள் டியூட்டி முடிந்து கூப்பிடும்போது எனக்கு மத்தியானச் சாப்பாடு முடிந்து பாத்திரமே கழுவியாகியிருக்கும்.

இந்த ஊரும் அந்த வாரத்தில் ஒரு மாதிரியாகிவிடும். 1917-லிருந்து நடக்கிற மான்ட்போர்ட் தொடங்கி சின்னப் பள்ளிகள் வரை போர்டிங் பிள்ளைகள் எல்லாரும் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். வருஷம் பூராவும் மணியடித்தால் கேட்கிற பிள்ளைச் சத்தம் சட்டென்று நின்றுபோகும். அதே வாரத்தில் லாட்ஜுகள் நிரம்பும். ஏரிக்கரையில் நிற்க இடம் இருக்காது, லேடீஸ் சீட் பக்கம் கார் திருப்ப முடியாது. ரோடு முழுக்க ஜனம், தெரிந்த முகம் ஒன்று இருக்காது.

இதையெல்லாம் வைத்து நான் ஒரு முடிவுக்கு வந்தேன். பண்டிகையில் தனியாக இருக்கிறவர்களுக்குக் குறைவது தின்பண்டமும் இல்லை, பார்க்க வருகிற ஆட்களும் இல்லை. வேலைதான். மாவு சலிக்க ஆள் வேண்டும், தேங்காய் உடைக்க ஆள் வேண்டும், சட்டியைப் பார்த்துக்கொள் நான் இதோ வருகிறேன் என்று யாராவது சொல்ல வேண்டும். அது இல்லாத வீட்டுக்கு எத்தனை டப்பா கேக் வந்தாலும் என்ன?

மறுநாளே சாமியாரிடம் போனேன். "பாதர், என் பெயரை எடுக்க வேண்டாம். ஆனால் கடையில் கேக் வாங்காதீர்கள். பட்டியலில் இருக்கிற நாங்களே செய்கிறோம், என் வீட்டில். செய்ததை உங்கள் பிள்ளைகள் தோட்டத் தொழிலாளர்கள் இருக்கிற லயன் வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கட்டும்" என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். அப்புறம், "எத்தனை கிலோ மைதா வேண்டும் டீச்சர்?" என்றார்.

லயன் வீடு ஏன் என்று கேட்பாய். இப்போது காபிப் பழம் எடுக்கிற காலம். பழம் சிவந்துவிட்டால் காத்திருக்காது. விட்டால் செடியிலேயே கறுத்து உதிர்ந்துவிடும். எடுத்ததை அன்றைக்கே மெஷினுக்குக் கொண்டுபோய்த் தோல் நீக்க வேண்டும். அதனால் அந்தப் பெண்கள் 24-ஆம் தேதி சாயங்காலம் வரை தோட்டத்தில்தான் நிற்பார்கள். இடுப்பில் பை கட்டி, பனியில் நனைந்து, அப்புறம் வீட்டுக்கு வந்து எப்போது மாவு பிசைவது? 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் இந்த மலைக்குக் காபி கொண்டுவந்தார் என்று வருஷா வருஷம் பாடம் நடத்தினேன். எதிரே பெஞ்சில் உட்கார்ந்து அதைக் கேட்ட பிள்ளைகளின் அம்மாக்கள்தான் அந்தக் காபியைப் பறிக்கிறார்கள். அவர்கள் வீட்டுக்கு ஒரு தட்டு பலகாரம் போக வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

இப்போது வீடு அமர்க்களப்படுகிறது. கேக்குக்கு ஆன்ட்டி. மகன்கள் இரண்டு பேரும் பெர்த்தில், பார்த்து எவ்வளவோ காலம் ஆகிறது. உலர்திராட்சை, செர்ரி, ஆரஞ்சுத் தோல் எல்லாவற்றையும் அக்டோபரிலேயே ரம்மில் ஊறப்போட்டு ஜாடியில் கட்டி வைத்திருக்கிறார். பாட்டிக்கு அது ஆகவில்லை. பிள்ளைகள் தின்கிற பண்டத்தில் ரம்மா என்று ஒரே சண்டை. அவர் நம் மலை ஆரஞ்சைப் பிழிந்து அந்தச் சாற்றில் தனியாக ஊறவைத்திருக்கிறார். கடைசியில் இரண்டு வகையும் செய்வது என்று தீர்ப்பு சொன்னேன். சர்க்கரையைக் கருக்குவதை மட்டும் ஆன்ட்டி வேறு யாருக்கும் விடமாட்டார். நுரை அடங்கிக் கருஞ்சிவப்பாக வருகிற நேரத்தில் வெந்நீரை ஊற்ற வேண்டும், கொஞ்சம் பிந்தினாலும் கேக் முழுக்கக் கசந்துவிடும். மாவைத் தகர டின்களில் ஊற்றிக் கொடுத்தால் கடைவீதி பேக்கரியில் ரொட்டி சுட்டு முடித்த அடுப்பில் வேகவைத்துத் தருகிறார்கள். கிலோக் கணக்கில் கூலி.

ஆர்மோனியம் சார் கலகலாவுக்கு. கை நடுங்குகிறது, கட்டையில் விரல் ஓடுவதில்லை என்று பாடகர் குழுவுக்கு வருவதையே விட்டிருந்தாரே. புதுச்சீப்பின் பல்லில் மாவை அழுத்திச் சுருட்ட அந்த நடுக்கம் ஒன்றும் செய்யவில்லை. நேற்று கொஞ்சமாக மாவு பிசைந்து பழகிப் பார்த்தோம். தேங்காய்ப்பால் வாசனை வீடெல்லாம். சுருட்டிக்கொண்டே இருந்தவர் திடீரென்று பாட ஆரம்பித்தார். அவர் வீட்டம்மா போனதற்கப்புறம் அவர் பாடி யாரும் கேட்டதில்லை. நாங்கள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை, கை வேலையையும் நிறுத்தவில்லை. மூன்று பாட்டு முழுசாகப் பாடினார். நீ இருந்திருக்க வேண்டும்டி.

அச்சு முறுக்குக்குத்தான் ஆள் இல்லை. அச்சு நிறையப் பேரிடம் இருக்கிறது, கைதான் இல்லை. அச்சை எண்ணெயில் போட்டு நன்றாகக் காயவைத்து, மாவில் முக்கால்வாசி மட்டும் முக்கி, திரும்ப எண்ணெயில் இறக்கி ஒரே உதறலில் பூவாகக் கழற்றுவாயே, அது உன் மாமியார் உனக்கு மட்டும் கொடுத்த கை. மாவு மேல்விளிம்பைத் தாண்டினால் கழலாது என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்? பாதர் கேட்டபோது, சேலத்திலிருந்து ஒருத்தி வருவாள் என்று சொல்லிவிட்டேன்.

துக்க வீட்டில் சட்டி வைக்கக்கூடாது என்பாய். இது உன் வீடு இல்லை. உனக்காகச் சுடப்போவதும் இல்லை. நீ ஒரு துண்டுகூட வாயில் போட வேண்டாம். பழைய சேலையிலேயே இரு, யாரோடும் பேசப் பிடிக்கவில்லை என்றால் பேசாதே. எண்ணெய்ச் சட்டி முன்னால் உட்கார்ந்தவளிடம் யாரும் பேச்சுக் கொடுக்கமாட்டார்கள். அழுகை வந்தால் அங்கேயே அழு. அந்த அறையில் இருக்கிற எல்லாருக்கும் ஒரு முதல் கிறிஸ்துமஸ் இருந்திருக்கிறது. யாரும் "அழாதே" என்று சொல்லமாட்டார்கள், நான் பொறுப்பு.

இன்னொன்று. இதைக் கேட்கலாமா என்று இரண்டு தடவை எழுதி அடித்தேன், கேட்டுவிடுகிறேன். அண்ணனுடைய குடில். சாக்குத்தாளைக் கஞ்சியில் நனைத்துக் கசக்கி, கரித்தூள் தூவி, நம் சேர்வராயன் மலை மாதிரியே செய்வார். 1223-ல் பிரான்சிஸ் அசிசியார் கிரேச்சோவில் முதன்முதலாகக் குடில் வைத்தபோது வைக்கோலும் உயிருள்ள மாடும் கழுதையும்தான் இருந்தன என்று வருகிற ஒவ்வொருவருக்கும் சொல்வார். எங்கள் சாமியாருக்கே சொன்னாரே! அந்தச் சொரூபப் பெட்டியைத் திறக்க உனக்கு மனசு வரவில்லை என்றால் விட்டுவிடு, நான் ஒரு வார்த்தை கேட்கமாட்டேன். வந்தால் கொண்டு வா. என் முன்னறையில் ஜன்னல் ஓரம் இடம் ஒதுக்கியிருக்கிறேன். சிரட்டையில் கேழ்வரகும் இன்று காலை விதைத்துவிட்டேன், அவர் செய்கிற மாதிரியே. 24-க்குள் நாற்று பச்சையாக நிற்கும்.

கோயிலைப் பற்றிக் கவலைப்படாதே. எங்கள் நள்ளிரவுப் பூசைக்கு நீ வந்தாலும் சரி, கம்பளிக்குள் படுத்திருந்தாலும் சரி. 25 காலையில் ஹோலி டிரினிட்டி சி.எஸ்.ஐ. கோயிலில் உங்கள் ஆராதனை இருக்கிறது, நானும் கூட வருகிறேன். திரும்பி வந்து ஆப்பமும் ஆட்டுக்கறிக் குழம்பும். மத்தியானத்துக்கு ஜவ்வரிசிப் பாயசம் மட்டும் வேண்டும் என்று பாட்டி உத்தரவு போட்டிருக்கிறார். சேலத்துக்காரி வருகிறாள், நல்ல ஜவ்வரிசி வரும் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்.

21-ஆம் தேதி காலை பஸ்ஸுக்கு வந்துவிடு. முன் சீட்டில் உட்கார். கோரிமேடு தாண்டியதும் எலுமிச்சம்பழத்தைக் கையில் எடு. இருபது கொண்டை ஊசி வளைவும் முடிகிற வரை ஜன்னலுக்கு வெளியே தூரமாகப் பார். வார்டன் மடியில் நடந்தது மறுபடி நடந்தால் இந்தத் தடவை காப்பாற்ற நான் பக்கத்தில் இருக்கமாட்டேன்.

ராத்திரியில் 12, 13 டிகிரிக்கு இறங்குகிறது. ஸ்வெட்டர், காலுறை, அந்தத் தைலம் மூன்றும் வேண்டும். பச்சரிசியை ஊறவைத்து நிழலில் உலர்த்தி அங்கேயே அரைத்துக் கொண்டு வா. இங்கே மில்லில் மிளகாய் அரைத்த கையோடு அரைத்துத் தருகிறார்கள், காரம் ஏறிவிடுகிறது. இரண்டு கிலோ ஜவ்வரிசி. முடிந்தால் ஆர்மோனியம் சாருக்குக் கொஞ்சம் தட்டுவடை, அவர் கேட்கமாட்டார், எனக்குத் தெரியும். அச்சை மறக்காதே. எந்த பஸ் என்று மட்டும் ஒரு மெசேஜ் போடு, ரவுண்டானா பக்கம் வந்து நிற்கிறேன்.

உன்,
ரோசி